ஒரு பிக்சல் அகலக் கோட்டில் ஒரு நடுகல்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்தில் பதினெட்டு ஆண்டுகளாக டி.டி.பி. கடை நடத்தி வருகிறேன். திருமணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பள்ளி ஆண்டு மலர், ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் என்று வரும் வேலைகள் எல்லாவற்றிலும் எழுத்தும் புகைப்படமும்தான் இருக்கும். கோடு என்றால் எனக்கு அழைப்பிதழின் ஓரத்தில் போடும் பார்டர்தான். அதையும் ஆயத்தமாக இருக்கும் கோப்பிலிருந்து எடுத்துப் பொருத்திவிடுவேன். சென்ற ஆண்டு தை மாதம், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு பென்டிரைவோடு கடைக்கு வந்த பிறகுதான், ஒரு கோட்டை எப்படி இடுவது என்பதை நான் முதன்முறையாகக் கற்கத் தொடங்கினேன்.

அந்தப் பென்டிரைவில் பதினொரு நடுகற்களின் படங்கள் இருந்தன. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நடுகல் என்பது அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கும் பொருள் மட்டும் அன்று. மாடுகளைக் கவர்ந்து சென்றவர்களோடு போரிட்டு விழுந்த வீரனுக்காக நட்ட கற்கள் புளியமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் இன்றும் நிற்கின்றன. பல ஊர்களில் அந்த வீரனையே வேடியப்பன் என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள். பல்லவர் காலத்துக் கற்கள் பலவற்றில், வில்லோ வாளோ ஏந்திய உருவத்தைச் சுற்றி, அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் வட்டெழுத்து வரிகளும் உண்டு. ஆசிரியர் தாம் வெளியிட இருந்த சிறு நூலுக்காக ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கோட்டோவியம் வேண்டும் என்றார். புகைப்படத்தையே அச்சிடலாமே என்று கேட்டேன். புகைப்படத்தில் எண்ணெய்க் கறையும் பாசியும் வெடிப்பும் உளி போன தடமும் ஒரே கறுப்பாக விழுந்துவிடுகின்றன, எது சிற்பி செய்தது என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை என்று அவர் விளக்கினார். பிறகு, "கல்லுல இல்லாததை நீ வரையக் கூடாதும்மா. இருக்கிறதை விட்டுடவும் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

அந்த "அவ்வளவுதான்" எனக்கு ஏழு மாத வேலையாயிற்று.

என் கடைக் கணினியில், படங்களைத் திருத்தவும் வரையவும் உதவும் கிம்ப் என்னும் மென்பொருள் இருக்கிறது. பெர்க்கிலியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்னும் இருவர் 1995இல் தொடங்கியது; இன்றுவரை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். அதில் படத்தைத் திறந்து, அதன்மேல் வெள்ளை நிற அடுக்கு ஒன்றைப் பாதி ஒளிபுகும்படி பரப்பினேன். அப்படிச் செய்தால் கல் மங்கலாகத் தெரியும், நாம் இடும் கறுப்புக் கோடு தனியாகத் தெரியும். அதற்கும் மேலே ஒன்றுமே இல்லாத ஒளிபுகும் அடுக்கு ஒன்று. கோடுகள் எல்லாம் அதில்தான். கணக்கையும் முதலிலேயே போட்டு வைத்தேன். முதல் கல்லின் உயரம் 90 சென்டிமீட்டர். படத்தில் அது 3600 பிக்சல், அதாவது 3600 சின்னஞ்சிறு சதுரக் கட்டங்கள், உயரத்தில் விழுந்திருந்தது. ஆக, திரையில் ஒரு பிக்சல் என்பது கல்லில் கால் மில்லிமீட்டர். 4 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் எழுத்து 160 பிக்சல்; 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் உளித்தடம் 24 பிக்சல். இந்த அளவு கையில் இருந்தால்தான், கோட்டைத் தடத்தின் நடுவில் இடுவதா, இரண்டு கரைகளிலும் இடுவதா என்று முடிவு செய்ய முடியும். உருவத்துக்குக் கரைகளையும் எழுத்துக்கு நடுக்கோட்டையும் வரைவது என்று ஆசிரியரும் நானும் முடிவு செய்துகொண்டோம்.

முதல் கல்லை முழுவதும் பெயிண்ட்பிரஷ் கருவியால் வரைந்தேன். திரையில் பார்க்க அழகாக இருந்தது; வில்லின் வளைவு வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆசிரியர் வந்து பார்த்தார், பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். எட்டு மடங்கு பெரிதாக்கியதும் கறுப்புக் கோட்டின் இருபுறமும் சாம்பல் நிறக் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர் அந்தக் கட்டங்களைச் சுட்டி, "இந்தச் சாம்பல் கல்லுல என்னம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அந்தச் சாம்பல் மென்பொருளின் பிழை அன்று. திரை என்பது சதுரக் கட்டங்களால் ஆனது; சாய்வாகப் போகும் கோடு சில கட்டங்களைப் பாதியாகவும் சிலவற்றைக் காலாகவும் மறைத்துச் செல்லும். எவ்வளவு மறைக்கிறதோ அந்த அளவுக்கு அந்தக் கட்டத்தின் நிறத்தை அடர்த்தியாகவோ மங்கலாகவோ கொடுத்தால், தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் படிக்கட்டு மறைந்து கோடு வழவழப்பாகத் தோன்றும். கைப்பேசியில் தமிழ் எழுத்துகள் கண்ணை உறுத்தாமல் தெரிவதற்கு இந்த ஏற்பாடே காரணம். அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்வெட்டைப் படியெடுக்கும் வேலையில், சாம்பல் கட்டம் என்பது "இங்கே கோடு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வதாகும். மென்மையான தூரிகையால் வரையும்போது என் கை அறியாமலேயே, ஐயமுள்ள இடத்திலெல்லாம் கோட்டை மங்கலாக்கிக்கொண்டே போயிருந்தது என்பதை அன்று மாலை அந்தப் படத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பெரிதாக்கிப் பார்த்தபோது கண்டுகொண்டேன். அச்சிலும் அது ஆகாது. ஆப்செட் அச்சில் கறுப்பு மையால் சாம்பலை அச்சிட முடியாது. அதை நுண்புள்ளிகளாக உடைத்துத்தான் பிளேட்டில் ஏற்றுவார்கள். மெல்லிய கோட்டின் விளிம்பு அதில் சிதைந்து போகும்.

ஆகவே இரண்டாம் முறை பென்சில் கருவியை எடுத்தேன். கிம்ப்பில் விசைப்பலகையில் என் (N) என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் பென்சில் வரும், பெயிண்ட்பிரஷுக்குப் பி (P). இரண்டும் ஒரே தூரிகைகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் பென்சிலில் எவ்வளவு மென்மையான தூரிகையைத் தேர்ந்தாலும் விளிம்பு வெட்டினாற்போலத்தான் விழும். ஒரு கட்டம் கறுப்பாகும், அல்லது ஆகாது. தூரிகையின் அளவை ஒன்று என்று வைத்தால் ஒரு சொடுக்குக்கு ஒரே ஒரு பிக்சல். இந்த ஒற்றைப் பிக்சலைப் பெறுவதற்குப் புதியவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றுதான். பென்சிலுக்குப் பதில் பெயிண்ட்பிரஷைப் பிடித்திருப்பார்கள்; ஒளிபுகாத்தன்மை நூறுக்குக் கீழே இருக்கும்; அல்லது தூரிகையின் அளவைத் திரையின் உருப்பெருக்கத்தோடு பூட்டும் விருப்பம் டிக் செய்யப்பட்டிருக்கும். அழிப்பானிலும் இதே சிக்கல் உண்டு. அதன் விருப்பங்களில் கடின விளிம்பு என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், அழித்த இடத்தைச் சுற்றி மீண்டும் அதே சாம்பல் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் இரண்டு நாள் வரைந்ததை அழிப்பான் இப்படிக் கெடுத்து வைத்திருந்ததை மூன்றாம் நாள்தான் பார்த்தேன்.

நேர்கோட்டுக்குக் கிம்ப்பில் தனிக் கருவி தேட வேண்டியதில்லை. பென்சிலால் ஓரிடத்தில் சொடுக்கிவிட்டு, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியை நகர்த்தினால் அந்தப் புள்ளியிலிருந்து சுட்டிவரை மெல்லிய வழிகாட்டிக் கோடு நீளும். மறுபடி சொடுக்கினால் கோடு விழுந்துவிடும். ஷிப்டை விடாமல் அடுத்தடுத்துச் சொடுக்கிக்கொண்டே போனால் கோடுகள் ஒன்றன் முனையிலிருந்து ஒன்றாகத் தொடரும். ஷிப்டோடு கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்தினால் கோடு 15 பாகை மடங்குகளில் மட்டுமே திரும்பும். கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் பிசகாமல் வர அது போதும். கல்லின் வெளிச்சட்டத்துக்கு அதைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். நான் பயன்படுத்தவில்லை. கிராமத்துக் கல்லில் எந்த விளிம்பும் 15 பாகை மடங்கில் நிற்பதில்லை. சற்றுச் சாய்ந்த பலகைக்கல்லை நிமிர்த்தி வரைந்தால் அதுவும் கல்லில் இல்லாததை வரைந்த கணக்குத்தான். அளவுகோலுக்கும் பக்கச் சட்டத்துக்கும் மட்டும் அந்த விசை.

நேர்கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒற்றைப் பிக்சலின் அருமை இங்கேதான் எனக்குப் புரிந்தது. கிடை, செங்குத்து, 45 பாகை ஆகிய மூன்று திசைகளைத் தவிர்த்தால் மற்ற எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் அது திரையில் படிக்கட்டாகத்தான் அமையும். எந்தக் கட்டத்தை நிரப்புவது, எந்த இடத்தில் ஒரு படி ஏறுவது என்பதை யாராவது முடிவு செய்ய வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் 1962இல், கணினியோடு இணைத்த ஒரு வரைபொறியைக் கொண்டு கோடு இழுப்பதற்காக இதற்கு ஒரு வழி கண்டார். 1965இல் அது கட்டுரையாக வெளிவந்தது. அதே 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றாலும் எனக்கு ஆண்டு மறக்காமல் இருக்க அது உதவுகிறது.

அந்த வழியை ஒரு சில்லறைக் கணக்காக விளக்கலாம். கிடையாகப் பத்துக் கட்டம் தள்ளியும் மேலே நான்கு கட்டம் ஏறியும் இருக்கும் ஒரு புள்ளிக்குக் கோடு போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டம் வலப்பக்கம் நகரும்போதும் கணக்கில் நான்கு ரூபாய் வரவு வைக்க வேண்டும். கையிருப்பு ஐந்து ரூபாயைத் தாண்டினால், அதாவது பத்தில் பாதியைத் தாண்டினால், ஒரு படி மேலே ஏறிவிட்டுப் பத்து ரூபாயைச் செலவு எழுத வேண்டும். இருப்பு கழித்தலுக்குப் போனாலும் பரவாயில்லை, அடுத்த வரவில் சரியாகிவிடும். இப்படியே பத்து முறை செய்தால், தொடக்கக் கட்டத்தையும் சேர்த்துப் பதினொரு கட்டங்கள் நிரம்பியிருக்கும். ஒவ்வொரு படியிலும் எத்தனை கட்டங்கள் என்று எண்ணினால் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு என்று வரும். வகுத்தல் இல்லை, பின்னம் இல்லை. முழு எண்களைக் கூட்டவும் கழிக்கவும் ஒப்பிடவும் தெரிந்தால் போதும். அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது பெரிய சிக்கனம். என் கடைக்குக் கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் இதைச் செய்து காட்டியிருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடுகிறது.

இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு என்னும் அந்தத் தாளம் கண்ணில் ஏறிய பிறகு, கையால் இழுத்த கோட்டில் எங்கே பிசகு என்பது உடனே தெரியத் தொடங்கிற்று. இரண்டு, இரண்டு, நான்கு, ஒன்று, இரண்டு என்று படிகள் விழுந்திருந்தால், மொத்தக் கட்டங்களின் எண்ணிக்கை அதேதான். ஆனால் பார்க்கும் கண்ணுக்கு அந்த இடத்தில் கோடு முழங்கால் மடக்கியது போலிருக்கும். ஒரே ஒரு பிக்சலை அழித்துவிட்டு அடுத்த படியில் ஒன்றை வைத்தால் கோடு நிமிர்ந்துவிடும். ஆனால் நிமிர்த்துவதற்கு முன்னால் படத்தைப் பார்க்க வேண்டும். ஈட்டியின் தண்டில் அந்த மடக்கு என் கையால் வந்ததா, அல்லது சிற்பியின் உளி அந்த இடத்தில் உண்மையாகவே விலகியிருக்கிறதா? முதல் வகையானால் திருத்தலாம். இரண்டாம் வகையானால் அந்த மடக்கு வீரனுடைய ஈட்டியைச் சேர்ந்தது. அதை நேராக்க எனக்கு உரிமை இல்லை.

இதே காரணத்தால் கிம்ப்பில் இருக்கும் ஸ்மூத் ஸ்ட்ரோக் என்னும் விருப்பத்தை நான் தொடவில்லை. சுட்டியைப் பிடித்த கை நடுங்கினாலும் கோட்டை வழுவழுப்பாக்கித் தரும் ஏற்பாடு அது. பூவேலை அழைப்பிதழுக்கு நன்றாக உதவும். நடுகல்லில் அது கையின் நடுக்கத்தோடு உளியின் நடுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

வட்டெழுத்து, பெயருக்கேற்ப வளைவு மிகுந்தது. நேர்கோட்டுத் துண்டுகளால் வளைவை எப்படி வரைவது என்று முதலில் தயங்கினேன். 160 பிக்சல் உயரமுள்ள எழுத்தில், தடத்தின் நடுவை ஏறத்தாழ எட்டுப் பிக்சலுக்கு ஒரு முறை சொடுக்கிக்கொண்டு ஷிப்டோடு நகர்ந்தால், துண்டுகளின் மூட்டுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுட்டியை அழுத்தியபடியே இழுத்து வரைந்தால் வேகமாக முடியும். ஆனால் திரும்பும் இடங்களில் ஒரே படிக்குக் கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என இரண்டு பிக்சல்கள் ஒட்டிக்கொண்டு எல் வடிவ முடிச்சு விழும். கோட்டின் அகலம் ஒரு பிக்சலாக இருக்கும்போது அந்த முடிச்சு மையொழுக்கு போலத் தடித்துத் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது, கீரை ஆய்வதுபோலப் பொறுமையாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. அதற்கு நியூ வியூ என்னும் வசதி மிகவும் உதவிற்று. ஒரே படத்தை இரண்டு சாளரங்களில் திறந்து, ஒன்றை 800 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி அதில் திருத்திக்கொண்டே, மற்றொன்றை 100 விழுக்காட்டில் வைத்து விளைவைப் பார்க்கலாம். பெரிதாக்கிய திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டங்கள்தான் கண்ணில் நிற்கும்; எழுத்து கண்ணைவிட்டுப் போய்விடும்.

என் அம்மா இன்றும் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறார். அதில் புள்ளிகளை முதலில் வைத்துவிட்டு, கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போகும். திரையில் அப்படிப் புள்ளி வேறு, கோடு வேறு என்று இல்லை. புள்ளிகளை எடுத்துவிட்டால் கோடே இல்லை. இந்த வேறுபாட்டை அம்மாவிடம் சொன்னபோது, அப்படியானால் ஒரு புள்ளியை மாற்றி வைத்தால் கோடு மாறிப்போகுமே என்றார்.

ஐயமுள்ள கோடுகளை என்ன செய்வது என்பதுதான் கடைசிவரை எங்களுக்குள் விவாதமாக இருந்தது. பெயிண்ட்பிரஷின் சாம்பலை விலக்கியாயிற்று. ஆனால் ஐயம் போய்விடவில்லையே. அதற்கு மற்றோர் ஒளிபுகும் அடுக்கைச் சேர்த்து, ஐயமுள்ளவற்றை அதில் சிவப்பில், அதே ஒரு பிக்சல் பென்சிலால், வரைந்தேன். கறுப்பு அடுக்கில் இருப்பது நாங்கள் இருவரும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. சிவப்பு அடுக்கில் இருப்பது மறுபடி கல்லிடம் போய்க் கேட்க வேண்டியது. சில ஊர்களில் எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று கல்லின்மேலேயே சாக்பீஸால் தடவிப் படம் எடுத்திருப்பார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். தடத்துக்குள் போன சுண்ணத்தூள் எளிதில் போகாது. அதைவிட, ஒருவர் தவறாகப் படித்து எழுதிய எழுத்தை அடுத்து வருபவர் எல்லோரும் கல்லின் எழுத்தாகவே படிப்பார்கள். திரையில் போட்ட சிவப்புக் கோட்டை ஒரு சொடுக்கில் மறைத்துவிட்டுக் கல்லைப் பழையபடி பார்க்க முடியும்.

கல்லிடம் கேட்பதற்கு நாங்கள் கொண்டுபோனது ஒரு டார்ச் விளக்கு. பகலில் நேர் வெயிலில் தெரியாத தடம், இருட்டிய பிறகு பக்கவாட்டில், ஏறத்தாழக் கல்லோடு ஒட்டிப் பிடித்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். இடப்பக்கமிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று என இரண்டு படங்கள் எடுத்து, இரண்டையும் தனித்தனி அடுக்குகளாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால், பள்ளத்தின் நிழல் பக்கம் மாறும். எண்ணெய்க் கறை மாறாது. பாதிச் சிவப்புக் கோடுகள் இப்படியே தீர்ந்தன. வழிபாட்டில் இருக்கும் கற்களுக்குப் பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லி, பூசை இல்லாத நாளில் போனோம். மஞ்சளையும் எண்ணெயையும் துடைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அச்சகத்தில் ஒரு தவறு நேர்ந்தது; அது என்னுடைய தவறு. 90 சென்டிமீட்டர் கல்லைப் புத்தகத்தில் 15 சென்டிமீட்டராக அச்சிடுவது என்று திட்டம். 3600 பிக்சலை 15 சென்டிமீட்டரில் அடைத்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 600 பிக்சல். அந்த அடர்த்தியில் ஒரு பிக்சல் கோட்டின் அகலம் 0.042 மில்லிமீட்டர். திரையில் தெளிவாகத் தெரிந்த கோடு சோதனை அச்சில் இங்குமங்கும் அறுந்து, வில்லின் நாணும் வீரனின் இடைக்கச்சும் காணாமல் போயிருந்தன. திரையில் ஒரு பிக்சல் என்பது அளவு அன்று, எண்ணிக்கை. அது தாளில் எவ்வளவு அகலமாகும் என்பதை அடர்த்திதான் தீர்மானிக்கிறது. இதை எனக்குப் பதினெட்டு ஆண்டுத் தொழில் சொல்லியிருக்க வேண்டும்.

நல்ல வேளையாக எதையும் மறுபடி வரைய வேண்டியிருக்கவில்லை. கோட்டடுக்கின் ஒளிபுகாப் பகுதியைத் தேர்வாக மாற்றி, செலக்ட் மெனுவில் உள்ள குரோ என்பதில் மூன்று என்று கொடுத்தால், ஒவ்வொரு கோடும் இருபுறமும் மூன்று பிக்சல் விரிந்து ஏழு பிக்சலாகும். புதிய அடுக்கில் அந்தத் தேர்வைக் கறுப்பால் நிரப்பினால் தாளில் 0.3 மில்லிமீட்டர் கோடு கிடைத்துவிடும். உருவங்களுக்கு மூன்று, எழுத்துகளுக்கு இரண்டு என்று வைத்தேன். ஒரு பிக்சல் மூலத்தைத் தொடாமல், அடுக்குகள் கலையாமல் காக்கும் கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்.சி.எஃப். கோப்பாகத் தனியே பாதுகாத்திருக்கிறேன். நாளை யாராவது சுவரொட்டி அளவில் கேட்டாலும் அதிலிருந்து வேண்டிய தடிமனில் எடுத்துக் கொடுக்கலாம்.

இந்த நேரத்தில் படத்தைச் சுருக்கவும் கூடாது. ஸ்கேல் இமேஜ் வழியாகச் சுருக்கினால், இடைக்கணிப்பு (புதிய கட்டங்களின் நிறத்தைக் கணிக்கும் முறை) கியூபிக் என்று இருந்தால் கோடுகள் எல்லாம் மறுபடி சாம்பலாகும்; நன் (None) என்று மாற்றினால் சாம்பல் வராது, ஆனால் பாதியாகச் சுருக்கும்போது ஒன்றுவிட்டு ஒரு வரிசையைத் தூக்கி எறிந்துவிடுவதால் ஒரு பிக்சல் கோடு அந்த வரிசையில் இருந்தால் அடியோடு போய்விடும். தாளின் அளவை மட்டும் மாற்றப் பிரிண்ட் சைஸ் என்னும் தனி வசதி உண்டு. அது பிக்சல்களைத் தொடாது. கோப்பை அனுப்பும்போதும் கவனம் வேண்டும். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கூர்மையான கறுப்புக் கோட்டைச் சுற்றித் தூசி படிந்தாற்போல அழுக்குப் புள்ளிகள் வந்துவிடும். பிஎன்ஜி முறையில் ஒரு பிக்சலும் மாறாது. கைப்பேசிச் செயலியில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும் என்பதால், அச்சகத்துக்கு ஆவணமாகவே அனுப்பினேன்.

பதினொரு கற்களில் பத்து முடிந்து நூலில் ஏறிவிட்டன. பதினோராவது கல், அரூர்ப் பக்கத்தில் ஒரு வயலோரத்தில் இருப்பது. அதன் மூன்றாம் வரியில் ஓர் எழுத்தின் தலைக்குமேல் மிகச் சிறிய குழி ஒன்று இருக்கிறது. படத்தில் அது பதினோரு பிக்சல் அகலம், அதாவது கல்லில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது பழங்கல்வெட்டுகளில் அரிது. பெரும்பாலும் புள்ளி இல்லாமலே பொறித்திருப்பார்கள், படிப்பவர்தான் இடமறிந்து மெய்யாகப் படிக்க வேண்டும். ஆனால் சில கற்களில் புள்ளி உண்டு. அந்தக் குழி சிற்பி வைத்த புள்ளியானால் அந்தச் சொல்லின் வாசிப்பு உறுதியாகிவிடும். கல் தானாகப் பொரிந்த குழியானால் அதை வரைவதே பிழை. டார்ச்சோடு மூன்று முறை போய்வந்தோம். குழியின் மேற்கரை உளி பட்டதுபோல் நேராக இருக்கிறது; கீழ்க்கரை பொரிந்ததுபோல் சிதறியிருக்கிறது. ஆசிரியர் ஒரு முறை புள்ளிதான் என்றார், மறுமுறை தலையை ஆட்டினார்.

மேற்கரைக்கு மட்டும் ஐந்து பிக்சல்கள் வைத்திருக்கிறேன். அவை சிவப்பு அடுக்கில் இருக்கின்றன. அறுவடை முடிந்து வயலில் கால் வைக்க முடிந்ததும் நான்காம் முறை போவதாக இருக்கிறோம்.